மன்னார்குடி முதல் திண்டுக்கல் வரை: வேலைத்தலத்து வன்முறையும் அதைத் தடுக்கும் வழியும்

1944-ஆம் ஆண்டில் மன்னார்குடியில் கீழத் தஞ்சை மிராசுதார்களுக்கும் விவசாயிகள் சங்கத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையைப் பற்றி முதன்முறையாக அறிகிறவர்கள், பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பதில்லை என்றும் சாணிப்பால் புகட்டுவதில்லை என்றும் நிலச்சுவான்தார்கள் எழுத்து மூலமாக ஒப்புக்கொண்டதைக் கண்டு, அதற்கு முந்தின நாள் வரையில் அவ்விரண்டும் அந்த வயல்களில் வழக்கமாகவே நடந்துவந்தன என்பதை உணர்ந்து திடுக்கிடுவார்கள். பொழுது புலர்வதற்கு முன் களத்துக்கு வந்து சேராதவனும், உடம்புக்கு முடியவில்லை என்று குடிசையில் படுத்துவிட்டவளும், மாட்டைப் பயிரில் மேயவிட்ட சிறுவனும் பெற்ற தண்டனைகள் அவை. நியாயஸ்தலம் விதித்த தண்டனைகள் அல்ல. வேலை வாங்குகிறவன் தன் கையாலோ தன் காரியக்காரன் கையாலோ அங்கேயே அப்பொழுதே விதித்தவை. கன்னட நாட்டில் பிறந்து தஞ்சைத் தரணியைத் தன் கர்மபூமியாக வரித்துக்கொண்ட பி. சீனிவாசராவும், களப்பால் குப்பு முதலிய உள்ளூர்த் தோழர்களும் கிராமம் கிராமமாகச் சென்று சங்கம் அமைத்ததன் பயனாகவே அந்த உடன்படிக்கை கைகூடிற்று.

இந்தச் சரித்திரத்தில் நாம் நின்று யோசிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் சவுக்கால் அடிப்பது 1944-இலும் குற்றந்தான். 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் காயப்படுத்துவதைக் குற்றமென்று அதற்கு எண்பது வருஷங்களுக்கு முன்னரே விதித்திருந்தது. அந்தச் சட்டம் தஞ்சை வயல்களுக்குள் நுழையவில்லை. அடிபட்டவன் அடித்தவனுடைய நிலத்தில் உழுது, அடித்தவனுடைய மனையில் குடிசை போட்டு, அடித்தவனிடமே நெல் அளந்து வாங்கிப் பிழைத்தவனாதலால், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் வழியே அவனுக்கு அடைபட்டிருந்தது. சங்கம் தோன்றி, வேலையை நிறுத்திவிடும் சக்தி கூட்டாகக் கைவந்து, எதிர்த்தரப்பு கையெழுத்துப் போடவேண்டிய நிலை உண்டான பிறகுதான் சவுக்கு கீழே இறங்கிற்று. பண்ணையாட்களுக்கெனத் தனிப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1952-இல், ராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபோது வந்தது. ஒப்பந்தம் முன்னே சென்றது. சட்டம் பின்னே வந்தது.

வேலைத்தலத்து வன்முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சட்டத்திலிருந்தே தொடங்குகிறார்கள். சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சற்றும் சந்தேகமில்லை. ஆனால் சட்டத்தின் பலம் வேலை செய்கிறவருடைய நாவுக்கு வந்து சேருவதற்கு இடையில் ஒரு பாலம் தேவைப்படுகிறது என்பதும், அந்தப் பாலத்தைத் தொழிலாளர்களே கட்டும்போதுதான் அது பாரம் தாங்குகிறது என்பதும் நம் தேசத்து அநுபவம் மீண்டும் மீண்டும் காட்டுகிற உண்மை.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் தன் நூற்றாண்டு மகாநாட்டில், 2019 ஜூன் 21-ஆம் தேதி, 190-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. வேலை உலகில் நிகழும் வன்முறையையும் தொந்தரவையும் பற்றி உலக அளவில் தோன்றிய முதல் உடன்படிக்கை அதுவே. உடம்புக்கும் மனத்துக்கும் பொருளுக்கும் தீங்கு விளைக்கிற, அல்லது விளைக்கக்கூடிய, ஏற்கத்தகாத நடத்தைகள் அனைத்தையும், அவை ஒரே ஒரு முறை நிகழ்ந்தாலும் சரி, திரும்பத் திரும்ப நிகழ்ந்தாலும் சரி, அது தன் எல்லைக்குள் கொண்டுவருகிறது. வேலை செய்யும் அறையோடு நின்றுவிடாமல், சாப்பிடும் இடம், கழிப்பறை, முதலாளி தரும் தங்குமிடம், வேலைக்குப் போய்வரும் வழி ஆகியவற்றையும் அது சேர்த்துக்கொள்கிறது. பயிற்சிக்கு வந்தவர், வேலை தேடி வந்தவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ஆகியோரையும் விட்டுவிடவில்லை. 2021 ஜூன் 25 முதல் அது அமலில் இருக்கிறது. முதலில் ஏற்று உறுதி செய்த நாடு உருகுவே. இந்தியா இன்னும் உறுதி செய்யவில்லை.

நம் நகரங்களின் தொழிற்சாலைச் சரித்திரமும் தஞ்சைக் கதைக்கு அந்நியமானதன்று. 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் சொன்ன குறைகளில் கூலியும், சோறு உண்ணப் போதாத இடைவேளையும் இருந்ததோடு, மேலதிகாரிகள் கைநீட்டுவதும் வசைபாடுவதும் இருந்தன. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் திரு.வி.க.வும் உழைத்து வளர்த்த அந்தச் சங்கத்தின் தலைவர்கள்மீது ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவும் பெற்றது; சங்கம் அமைப்பது சட்டப் பாதுகாப்புக்கு உரிய செயல் என்பதை நாட்டுவதற்கு 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. வன்முறையை எதிர்த்துப் பேசுவதற்கு முன்னால், பேசுவதற்காகக் கூடும் உரிமைக்கே போராடவேண்டியிருந்தது என்பதை இதனால் அறியலாம்.

பெண்கள் அனுபவிக்கும் வன்முறையைச் சட்டம் தனியாகக் கண்ணெடுத்துப் பார்த்தது வெகு காலம் கழித்துத்தான். ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள பட்டேரி என்ற கிராமத்தில், மாநில அரசின் பெண்கள் முன்னேற்றத் திட்டத்தில் ஊழியராக இருந்த பன்வாரி தேவி, 1992-இல் தன் ஊரில் ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த விவாகத்தைத் தடுக்க முயன்றார். பால்ய விவாகத்தைத் தடுப்பது அவருக்கு அரசு கொடுத்திருந்த வேலை. அந்த வேலையைச் செய்ததற்காகவே அதே ஆண்டு செப்டம்பரில் அவரைக் கூட்டாகப் பலாத்காரம் செய்தார்கள். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரைப் பலாத்காரக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. வேலைக்கு அனுப்பிய அரசு, அந்த வேலையால் வந்த ஆபத்துக்குப் பொறுப்பேற்க வேண்டாமா என்ற கேள்வியை விசாகா முதலிய பெண்கள் அமைப்புகள் உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றன. 1997 ஆகஸ்டு 13-ஆம் தேதி தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மாவும், நீதிபதிகள் சுஜாதா மனோகரும் பி. என். கிர்பாலும் அளித்த தீர்ப்பு, வேலைத்தலத்தில் பெண்ணுக்கு இழைக்கப்படும் பாலியல் தொந்தரவு அரசியல் சாசனம் அவளுக்கு வழங்கியுள்ள சமத்துவத்தையும், தொழில் செய்யும் சுதந்திரத்தையும், கண்ணியமாக ஜீவிக்கும் உரிமையையும் மீறுவதாகும் என்று நிறுவி, சட்டசபைகள் சட்டம் இயற்றும் வரையில் தாம் வகுத்த நெறிமுறைகளே சட்டம்போல் நிற்கும் என்று விதித்தது. பார்லிமெண்டு அந்த இடைவெளியை நிரப்பப் பதினாறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. வழக்குக்குக் காரணமான பெண்மணி தமக்கென நீதி பெறாமலே தேசத்துப் பெண்களுக்கெல்லாம் ஒரு சட்டத்தைப் பெற்றுத் தந்தார் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

2013 டிசம்பர் 9-ஆம் தேதி அமலுக்கு வந்த அந்தச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு ஒன்று இருக்கவேண்டும் என்கிறது. அதன் தலைமை ஒரு மூத்த பெண் ஊழியரிடம் இருக்கவேண்டும். உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கவேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் புகார் தரலாம். தக்க காரணமிருந்தால் மேலும் மூன்று மாத அவகாசம் உண்டு. விசாரணை தொண்ணூறு நாட்களுக்குள் முடியவேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளியே குற்றவாளியாக இருக்கும் சந்தர்ப்பங்களுக்கும் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. முதலாளி தரும் வாகனமும் வேலைத்தலமே என்று அச்சட்டம் தெளிவாகச் சொல்கிறது. குழுவை அமைக்காத முதலாளிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

படிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் 2023 மே மாதத்தில் கோவா சர்வகலாசாலை சம்பந்தமான ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் இந்தச் சட்டத்தின் நடைமுறையைப் பரிசீலித்தபோது, தேசிய விளையாட்டுச் சம்மேளனங்கள் முப்பதில் பதினாறு இன்னும் குழுவே அமைக்கவில்லை என்ற பத்திரிகைச் செய்தியைச் சுட்டிக்காட்டி வருந்தவேண்டியிருந்தது. தேசத்தின் கண்முன்னால், அரசின் நிதியுதவியோடு நடக்கும் ஸ்தாபனங்களின் நிலையே இதுவென்றால், நெடுஞ்சாலையிலிருந்து விலகி, சோளக்காட்டுக்கு நடுவே உயர்ந்த மதிற்சுவருக்குள் இயங்கும் நூற்பாலையின் நிலையை ஊகிப்பது கடினமன்று. குழு இருக்கும் இடங்களிலும் அதை நியமிப்பவர் முதலாளி. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். பல இடங்களில் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்துக்கு அப்பால் அந்தக் குழுவுக்கு உயிரில்லை. பொய்ப் புகாருக்கு நடவடிக்கை உண்டு என்ற பிரிவு மாத்திரம் எல்லோருக்கும் தவறாமல் எடுத்துச் சொல்லப்படுகிறது. புகாரை நிரூபிக்க இயலாமற்போவது மட்டுமே அதைப் பொய்யாக்கிவிடாது என்று அதே பிரிவில் எழுதியிருப்பதைச் சொல்வார் அரியர்.

இனி, ஆடைத் தொழிற்சாலையின் உட்புறத்தைச் சிறிது பார்க்கவேண்டும். தையல் யந்திரங்கள் வரிசை வரிசையாக நிற்கும் அந்தக் கூடத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் 'லைன்' என்று பெயர்; ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சூப்பர்வைசர்; மணிக்கு இத்தனை பீஸ் என்ற 'டார்கெட்' அவர் தலைமேல். கடல் கடந்த தேசத்திலிருக்கும் வியாபாரி விலையைக் குறைத்து, அனுப்பவேண்டிய தேதியையும் நெருக்கும்போது, அந்த நெருக்கடி மேலாளர் வழியாக இறங்கி, சூப்பர்வைசரின் வாய் வழியாக வசையாகி, யந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணின் காதில் வந்து விழுகிறது. யாருக்கு லீவு, யார் கழிப்பறைக்கு எழுந்து போகலாம், யாருக்குச் சுலபமான தையல், யார் ஓ.டி. எனப்படும் கூடுதல் நேர வேலை செய்யவேண்டும் என்பவற்றையெல்லாம் நிர்ணயிக்கும் அதிகாரமும் அவருக்கே. எல்லா சூப்பர்வைசர்களும் கொடியவர்கள் என்று நான் சொல்லவரவில்லை; அவர்களில் பலர் தாமும் நெருக்குண்டவர்கள். ஆனால் கேள்வி கேட்பாரற்ற இந்தச் சிறு சிறு அதிகாரங்கள் ஒரே கையில் குவிந்திருக்கும் இடத்தில், வசை தொடுதலாகவும், தொடுதல் மிரட்டலாகவும், மிரட்டல் பலாத்காரமாகவும் வளர்வதற்கு இடையே நிற்கும் தடை என்ன என்று கேட்டால், அந்த மனிதனுடைய சொந்த மனச்சாட்சி தவிர வேறு பதில் கிடைப்பதில்லை.

அந்தப் பெண் யார் என்பதையும் மறக்கலாகாது. பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வந்துபோகிற, அல்லது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற இளம்பெண். தலித் குடும்பத்துப் பெண்கள் அவர்களில் ஏராளம். மூன்றாண்டு முடிவில் மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி நூற்பாலைகள் கிராமத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்ட சுமங்கலித் திட்டத்தின் நிழல் இன்னும் அந்தக் கிராமங்களின்மேல் படிந்திருக்கிறது. வீட்டில் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கல்யாணம் பேசிவிடுவார்கள். கம்பெனியில் சொன்னால் வேலை போய்விடும். ஊரில் தெரிந்தால் பழி அவள்மீதே வரும். இப்படி மூன்று பக்கமும் அடைபட்டவளிடம் புகார்ப் பெட்டியைக் காட்டிவிட்டு, அவள் ஏன் எழுதிப் போடவில்லை என்று வியப்பது நியாயமாகாது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், அந்நிய நாட்டு நிறுவனங்களுக்கு ஆடை தைத்துத் தரும் ஓர் ஆலையில் வேலை செய்த இருபது வயதுத் தலித் பெண் கொலையுண்டு கிடந்தார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். அவர் மாதக்கணக்கில் அவளைத் தொந்தரவு செய்துவந்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். அந்தப் பெண் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். பெண்களே தலைமை தாங்கும், தலித் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள அச்சிறு சங்கம், தன் துக்கத்தை ஓர் அநுதாபத் தீர்மானத்தோடு முடித்துக்கொள்ளவில்லை. ஆசியத் தரைக்கூலிக் கூட்டணி என்னும் பல நாட்டுத் தொழிலாளர் அமைப்போடும், அமெரிக்காவிலுள்ள ஒரு தொழிலாளர் உரிமை அமைப்போடும் கைகோத்து, ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமை நிறுவனமான ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்தைப் பெற்றது. எச் அண்டு எம், கேப், பி.வி.எச். என்ற மூன்று வியாபார நிறுவனங்களும் தனித்தனியே அதனோடு தம்மைப் பிணைத்துக்கொண்டன. ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் 2019-இல் ஜீன்ஸ் ஆலைகளுக்காக இதுபோன்ற ஏற்பாடு ஒன்று உருவாகியிருந்தது. ஆசியாவில் இதுவே முதலாவது.

இந்த ஒப்பந்தத்தின் யுக்தியை நான் மிகவும் மதிக்கிறேன். காரணம், அது தண்டனையைவிட வன்முறையின் ஆரம்பக் கட்டத்தின்மேல் கண் வைத்தது. இருபத்தைந்து தொழிலாளருக்கு ஒருவர் வீதம், தொழிலாளர்களுக்குள்ளிருந்தே சங்கம் தேர்ந்தெடுக்கும் கண்காணிப்பாளர் ஒருவர் கூடத்திலேயே இருக்கவேண்டும் என்று அது விதித்தது. பக்கத்து யந்திரத்தில் தைக்கும் பெண்ணே அவர். டார்கெட் எட்டவில்லை என்று ஒருத்தியைப் பலர் முன் கெட்ட வார்த்தையால் ஏசினாலும், அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் வேண்டுமென்றே உரசி நடந்தாலும், அது கொலையாக முற்றும் வரை காத்திராமல் அன்றைக்கே கவனத்துக்கு வந்துவிடும். சங்கமும் நிர்வாகமும் அதை உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். தீராவிட்டால், நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத சுயேச்சையான மதிப்பீட்டாளர்களிடம் போகலாம். புகார் சொன்னவரைப் பழிவாங்குவது ஒப்பந்தத்தை மீறுவதாகும். பால் வேற்றுமையோடு ஜாதி வேற்றுமையும் வெளிமாநிலத்தார் என்ற வேற்றுமையும் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டன. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஜாதி வேற்றுமையைத் தடுப்பதைப் பற்றிப் பேசவில்லை என்பதை எண்ணும்போது இதன் அருமை விளங்கும். இத்தனைக்கும் பின்னால் ஒரு பலம் நின்றது: ஆலை ஒப்பந்தத்தை மீறினால், ஆர்டர் கொடுக்கும் நிறுவனங்கள் வியாபார ரீதியாக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டிருந்தன. ஐம்பதாயிரம் ரூபாய் அபராதத்துக்கு அஞ்சாத நிர்வாகமும் ஆர்டர் போய்விடும் என்பதற்கு அஞ்சும். 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா அந்த ஆலையின் சரக்குக்கு விதித்த இறக்குமதித் தடை, இந்த ஏற்பாட்டைக் கணக்கில் கொண்டு செப்டம்பரிலேயே விலக்கப்பட்டது என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. ஒப்பந்தம் ஆலையைக் கெடுக்கவில்லை. ஆலையின் வாசலைத் திறந்துவிட்டது.

இதற்கு ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. அந்நிய வியாபாரிகளின் தயவில் நிற்கும் பாதுகாப்பு, அவர்கள் ஆர்டரை வேறு தேசத்துக்கு மாற்றிவிட்டால் என்னவாகும் என்று கேட்கிறவர்கள் பொருத்தமான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அது இந்த முறையின் மெய்யான பலவீனம். உள்நாட்டுச் சந்தைக்கு நூல் நூற்கும் மில்லுக்கும், செங்கல் சூளைக்கும், வீட்டு வேலைக்கும் எச் அண்டு எம் வந்து கையெழுத்திடப் போவதில்லை. ஆகையால் ஒப்பந்தத்தின் உயிர்நாடியை மட்டும் எடுத்து, அதைச் சட்டத்தோடு இணைப்பதே செய்யத்தக்கது என்பது என் அபிப்பிராயம். இருபத்தைந்து பேருக்கு ஒரு தொழிலாளர் கண்காணிப்பாளர் என்ற விதியைத் தமிழ்நாடு அரசு தன் தொழிற்சாலை விதிகளில் சேர்ப்பதற்கு எந்த அந்நிய நிறுவனத்தின் சம்மதமும் வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம், பெண்களை இரவு ஷிஃப்டில் வேலைக்கு வைப்பதைத் தடுத்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை நீக்கியபோது, பாதுகாப்பு நிபந்தனைகளையும் கூடவே விதித்தது. இரவு வேலைக்கு வழி திறந்தவர்கள் அதற்கேற்ற கண்காணிப்புக்கும் வழி திறக்கக் கடமைப்பட்டவர்கள்.

சம்பவம் நடந்த பின் செய்யவேண்டியவற்றில் நம் நிர்வாகங்கள் செய்யும் பெரும் பிழை ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. விசாரணைக் காலத்தில் புகார் சொன்னவர், குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிய இருவரில் ஒருவரை வேறிடத்துக்கு மாற்றவும், பாதிக்கப்பட்டவருக்கு மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்புத் தரவும் சட்டம் இடந்தருகிறது. நடைமுறையிலோ மாற்றப்படுகிறவள் எப்போதும் அந்தப் பெண்தான். விடுப்பு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவளும் அவளே. லைனில் மீதியிருக்கும் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேசினால் தாங்களும் போகவேண்டியதுதான் என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரை முதல் நாளே அந்த லைனிலிருந்து விலக்கி, புகார் சொன்னவளை அவளுடைய யந்திரத்திலேயே அமர்த்தி, சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு அன்றைய கூலி குறையாமல் பார்த்துக்கொண்டாலே, பாதி அச்சம் நீங்கிவிடும். வீட்டு வேலை செய்கிறவர் கொடுக்கும் புகாரில் குற்றத்துக்கு முகாந்தரம் இருந்தால், உள்ளூர்க் குழு ஏழு நாட்களுக்குள் அதைப் போலீஸுக்கு அனுப்பவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் குழு தன் மாவட்டத்தில் எங்கே இருக்கிறதென்று அறிந்த வீட்டு வேலைக்காரி எத்தனை பேர் இருப்பார்கள்?

மன்னார்குடியில் கையெழுத்திட்ட மிராசுதார்கள் எல்லோரும் வாக்கைக் காப்பாற்றினார்கள் என்று சரித்திரம் சொல்லவில்லை. ஆயினும் எழுத்தில் ஒரு வாக்கு இருந்தது. அதைக் காட்டிக் கேட்பதற்கு ஒரு சங்கம் இருந்தது. தமிழ்நாட்டின் நூற்பாலை முதலாளிகளையும் ஆடை ஏற்றுமதியாளர்களையும் நான் வேண்டிக்கொள்வது இது: இன்னொரு பெண்ணின் பெயரால் ஒப்பந்தம் எழுதவேண்டிய நிலைக்குக் காத்திராமல், உங்கள் ஆலையிலுள்ள பெண்களின் சங்கத்தை இப்பொழுதே அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். சங்கம் இல்லையென்றால், அது அமைவதற்குக் குறுக்கே நில்லாதீர்கள். மத்திய சர்க்கார் 190-ஆவது உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்யவேண்டும். மாநில அரசு லைன்தோறும் தொழிலாளர் கண்காணிப்பாளரை விதியாக்கவேண்டும். இதைப் படிக்கிறவர்களில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருப்பவர்கள், தங்கள் உள்ளகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அது கடைசியாக எப்பொழுது கூடியது என்று நாளைக்கே அலுவலகத்தில் கேட்கவேண்டும்.